தன் கட்டுரையையே மறுத்தவர்

கோத்தா திங்கி போகும் சாலையில் காரை ஓரமாக நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு நடுவயதுக்காரர் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அங்கே ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டுமாம். என்னோடு வந்திருந்த டாக்டர் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். "நேரா போங்கண்ணே. ரெண்டாவது சிம்பாங்ல லெஃப்ட்டு எடுத்துக்குங்க" என்றார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் எதிர்த்திசையில் ஜோகூர் பாருவுக்குக் கிளம்பினோம். கால் மணி நேரம் ஓடியிருக்கும். டாக்டர் பிரேக்கை மிதித்தார்.

"ரெண்டாவது இல்ல ஜெயா. மூணாவது. தப்பா சொல்லிட்டேன்."

"அவரு வேற யாரையாச்சும் கேட்டுக்குவாரு டாக்டர்."

"கேக்கலன்னா?"

காரைத் திருப்பினார். பழக்குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இரண்டாவது சந்திப்பில் திரும்பி, செம்மண் பாதைகளில் ஒரு மணி நேரம் தேடினோம். எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும் செம்பனைக் காட்டில் மோட்டார்சைக்கிள் தடம் எதுவும் கண்ணில் படவில்லை. அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் படிக்கட்டில் ஏறும்போதும் திடீரென்று நின்று, "எடுக்கறதுக்குள்ள போய்ச் சேந்திருப்பாரா அந்தண்ணன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கணினியில் தட்டிப் பார்ப்பீர்கள். தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்தக் கட்டுரையாகத்தான் இருக்கும்.

மருத்துவப் படங்களைக் கணினி வைத்து ஆராய்பவர் அவர். ஜோகூர் பாரு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு, அவருக்கு ஆய்வு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" இரண்டாவது கேள்வி, "நான் தப்பா ஏதாச்சும் சொன்னா உடனே சொல்லுவியா?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏர்கோன் குளிருக்கு ஒரு பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மேசைக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பு, ஃபிளாஸ்க்கில் மைலோ. அறையில் வேறு அலங்காரம் கிடையாது. ஒரு முறை என்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப்போனார். அலமாரியிலிருந்து தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்தார். கைப்பையிலிருந்து பசையும் ஒரு சின்னத் துண்டுக் காகிதமும் வந்தன. ஒரு பக்கத்தில் இருந்த எண் தவறு என்று அப்போதுதான் கண்டுபிடித்தாராம். சரியான எண்ணை அச்சடித்துக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டினார். நூலக மாது பதறிக்கொண்டு ஓடி வந்து, "டோக்டோர், தாக் போலே!" என்று, கூடவே கூடாதென மலாயில் தடுத்தார். அந்தப் புத்தகத்தை அதுவரை ஒருவர்கூட இரவல் எடுக்கவில்லை என்பது பின்னட்டைச் சீட்டில் தெரிந்தது. "நாளைக்கு எடுக்கலாம்ல" என்றார் டாக்டர்.

நாங்கள் செய்த வேலை மார்பகப் படங்களில். கட்டி இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் கணினியே கண்டுபிடித்துக் காட்டும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். ஆயிரக்கணக்கான பழைய படங்களை நான் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். முடிவுகள் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்தன. பெரிய சஞ்சிகையில் கட்டுரை வெளியாயிற்று. டாக்டர் பெயர் முதலில், துறைத் தலைவரான புரொபசர் பெயர் கடைசியில், நடுவில் இன்னும் மூன்று பெயர்கள். என் பெயர் நன்றியுரையில்.

பிறகு மேற்கோள்கள் வர ஆரம்பித்தன. உலகத்தில் எந்த மூலையிலோ ஒருவர் தன் கட்டுரையில் உங்கள் கட்டுரையைச் சான்றாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அதை எண்ணிச் சொல்வதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. டாக்டருக்கும் ஆசை இருந்தது. நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். காலையில் நான் கதவைத் திறக்கும்போதே, "ஜெயா, இன்னிக்கு பிரேசில்லேர்ந்து ஒருத்தர்!" என்பார். அடுத்த நாள் போலந்து. அதற்கடுத்த நாள் ஈரான். ஒரு தடவை கோத்தா திங்கியிலிருந்து வந்திருந்த அவர் அம்மா, "எதுக்குடி ஊரு உலகமெல்லாம் உன் பேர எழுதுது?" என்று கேட்டார்.

"நான் சொன்னது சரின்னு சொல்றாங்கம்மா" என்றார் டாக்டர். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்குப் பின் பார்க்கவில்லை.

வியட்நாமிலிருந்து ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எந்தெந்தப் படங்களை வைத்துச் சோதித்தீர்கள், பட்டியல் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டார்கள். டாக்டர் உட்கார்ந்து பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இரண்டு பட்டியல்களிலும் ஒரே நோயாளி எண் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று.

விஷயம் இதுதான். கணினிக்கு முதலில் ஒரு குவியல் படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். பிறகு அது பார்த்தே இராத இன்னொரு குவியலைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு நான்கு படம் எடுப்போம், ஒவ்வொரு மார்புக்கும் இரண்டாக. நான் படங்களைக் கலைத்துப் பிரித்தேனே தவிர பெண்களைப் பிரிக்கவில்லை. ஒரே பெண்ணின் இரண்டு படங்கள் பழக்கும் குவியலிலும், மற்ற இரண்டும் சோதிக்கும் குவியலிலும் விழுந்திருந்தன. பரீட்சைக் கேள்விகளைப் பிள்ளைக்கு முதல் நாளே காட்டிவிட்டு, மறுநாள் அவன் நூறு வாங்கினான் என்று கைதட்டியிருக்கிறோம்.

சரியாகப் பிரித்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவருடைய முறை, மற்ற எந்த முறையையும்விட மேலானதாக இல்லை. சிலவற்றைவிட மோசமாகவே இருந்தது.

"நாளைக்கே சஞ்சிகைக்கு எழுதிடறேன்" என்றார்.

அப்போது நான் ஐந்து மாத கர்ப்பிணி. சிங்கப்பூர் வேலைக்கு தினமும் பாலத்தைக் கடக்கும் என் கணவர், மோட்டாரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். என் ஒப்பந்தம் அந்த ஆய்வு மானியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுரை போனால் மானியம் போகும்.

"டாக்டர், கொஞ்சம் பொறுங்களேன்" என்றேன். "கான்ட்ராக்ட் புதுப்பிக்கற வரைக்கும். நாலு மாசம். என் பிள்ளைக்காக."

அவர் மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடுவது கேட்டது. "சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒரு மனுஷியிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நான்கு மாதமும் நாடுகளின் பெயர்கள் நின்றுபோயின. எனக்குத் தினமும் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தார். மூன்றாவது மாதத்தில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். கட்டுரையில் உள்ள முறையை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். புரொபசர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "டாக்டருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

"இல்லை" என்றார்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் காலை சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படங்களைப் பிரித்ததில் நேர்ந்த தவறு முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருந்தார். அது பொய். அவர் எழுதி நான் பார்த்த ஒரே பொய். நான் அதைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டாவது வரியில கமா விட்டுப்போச்சு டாக்டர்" என்றேன்.

புரொபசர் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் தமிழர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஏம்மா, எல்லாப் பேப்பர்லயும் கொஞ்சம் கோளாறு இருக்கும். அடுத்த பேப்பர்ல சரி பண்ணிட்டுப் போறது லா."

"இத நம்பி மிஷின் செய்யறாங்க சார்."

"அவங்க சொந்தமா டெஸ்ட் பண்ணுவாங்க."

"பண்ணலன்னா?"

"ஃபெக்கல்ட்டியோட மொத்த மேற்கோள்ல பாதி உன் பேப்பர்தான், தெரியுமா? அத எடுத்துட்டா நாம எங்க நிப்போம்?"

"எங்க நிக்கணுமோ அங்க சார்."

மற்ற நால்வரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு என்று சஞ்சிகை இழுத்தடித்தது. ஒரு வருடத்துக்கும் மேலாயிற்று. கடைசியில் கட்டுரையை நீக்கவில்லை. முடிவுகளை எச்சரிக்கையோடு பார்க்கவும் என்கிற மாதிரி இரண்டு வரி, வேறொரு பக்கத்தில், தனியாகச் சொடுக்கினால்தான் தெரியும் இடத்தில் போட்டார்கள்.

மேற்கோள் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க ஆரம்பித்தார். காலையில் புதிதாக வந்த பெயர்களைக் குறித்துக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவார்: நீங்கள் சான்று காட்டியுள்ள கட்டுரை தவறானது, எழுதியவள் நான்தான், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஒருவர் அவரைப் பைத்தியம் என்று நினைத்துப் புரொபசருக்கே புகார் அனுப்பினார். இன்னொருவர் மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லி, அதற்குப் பதிலாக மேற்கோள் காட்ட டாக்டரின் வேறு கட்டுரை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு டாக்டர் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது. நாலு கடிதம் எழுதுவதற்குள் பத்துப் பேர் புதிதாக வந்துவிடுவார்கள். புதிதாய் வருகிறவர்களில் பலர் மூலக் கட்டுரையைப் படித்தவர்களே இல்லை. இன்னொருவர் காட்டியதைப் பார்த்துக் காட்டியவர்கள். கட்டுரைக்கு அதை எழுதியவர் இனி தேவைப்படவில்லை.

வருடாந்தர கேபிஐ படிவம் வந்தது. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று நிரப்ப வேண்டும். அவர் அந்தக் கட்டுரையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் போட்டார். மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சஞ்சிகைக்கும் இவர்களுக்கும் கடிதம் எழுதவே நேரம் சரியாக இருந்ததால் அந்த இரண்டு வருடத்தில் புதிதாக அவர் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. புரொபசரே இறங்கி வந்து, "சும்மா நம்பரைப் போட்டுட்டுப் போம்மா. யாரு கேக்கப்போறா?" என்று கெஞ்சினார். டாக்டர் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

கடைசி நாள் கம்பளிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று என்னிடம் கேட்டார். கோத்தா திங்கியில் தங்கை வீட்டு முன்னறையில் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

மானியம் முடிந்ததும் நானும் வெளியேறினேன். கணவருக்கு பத்து பாகாட் என்ற ஊரில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு தனியார் மையத்தில் மார்பகப் படம் எடுப்பவளாகச் சேர்ந்தேன். சேர்ந்த மறு வருடம் அங்கே புது மென்பொருள் ஒன்று வாங்கினார்கள். படத்தைக் கொடுத்தால் சந்தேகமான இடத்தைச் சிவப்பாகக் காட்டும். ஒன்றுமில்லையென்றால் ஓரத்தில் பச்சை. விற்க வந்தவர் கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சான்றுகளின் பட்டியல் இருந்தது. முதல் வரியிலேயே டாக்டரின் பெயர்.

மையத்து மருத்துவரிடம் ஒரு முறை சொன்னேன். "அது பழைய பேப்பர். இவங்க அதுக்கப்புறம் எவ்வளவோ மாத்தியிருப்பாங்க" என்றார். இருக்கலாம். நான் அதோடு விட்டுவிட்டேன்.

துணித் தொழிற்சாலையில் தையல் மிஷினில் வேலை செய்யும் ஒரு அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். "உங்க கை ஜில்லுன்னு இருக்கு மா" என்று என்னிடம் சிரித்தார். பச்சை வந்தது. அடுத்த வருடம் வரவேண்டிய தேதிக்கு முன்னமே திரும்பி வந்தார், தானே தொட்டுக் கண்டுபிடித்த கட்டியோடு. பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு நிழல். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப தெரிஞ்சு பாத்தா தெரியுது. அப்ப பாத்தா தெரிஞ்சிருக்குமா, சொல்ல முடியாது" என்றார்.

சில மாதம் கழித்து, அந்த அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது என்று கேள்விப்பட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கிக்குப் போனேன். ஏன் போனேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தனியாகச் சுமக்க முடியவில்லை. அதுதான் உண்மை. டாக்டர் வெகுவாக இளைத்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீடு எங்க?" என்றார்.

"சொல்லக்கூடாது டாக்டர். ரூல்ஸ் இருக்கு."

"தெரியும். வீடு எங்க?"

அடுத்த வாரம் இருவரும் போனோம். பத்து பாகாட்டில் ஒரு பழைய தாமான் குடியிருப்பு, வரிசை வீடு. அந்த அம்மா தலையில் துண்டு கட்டியிருந்தார். என்னை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டு, மறுக்க மறுக்க மைலோ கலக்கி வைத்தார். லோரி ஓட்டும் அவர் கணவர் அருகில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மைலோவைத் தொடவில்லை. கட்டுரை, படங்களைப் பிரித்தது, நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் எளிய தமிழில் ஒன்றுவிடாமல் சொன்னார். என் பங்கை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். யோசித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அப்ப போன வருசமே அந்த மிஷின் சரியா சொல்லியிருந்தா, நான் பொழச்சிக்குவேனா?"

இல்லை என்று சொல்லுங்கள் டாக்டர் என்று மனதுக்குள் மன்றாடினேன். இன்னும் ஒரே ஒரு தடவை பொய் சொல்லுங்கள்.

"தெரியலக்கா" என்றார் டாக்டர். "பொழச்சிருக்கலாம்."

அந்த அம்மா துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். கணவர் எழுந்தார். அவர் கத்தவில்லை.

"இத்தன நாளு விதின்னு நெனச்சிக்கிட்டு எப்படியோ மனச தேத்திக்கிட்டிருந்தா. இனிமே அதுவும் இல்ல. இத எதுக்கு எங்ககிட்ட வந்து சொன்னீங்க? எங்களுக்காகவா? இல்ல, உங்க மனசு லேசாகறதுக்கா?"

எந்தக் கேள்விக்கும் தேடிப் பிடித்தாவது பதில் சொல்கிற டாக்டர், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். அவர் மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு வந்தார். தங்கை வீட்டு வாசலில் இறங்கியபோது, "உன் பேரு வெளிய வராது, பயப்படாத" என்றார். அதன்பின் அந்த அம்மா நான்கு மாதம் உயிரோடு இருந்தார். இறந்த செய்தியை டாக்டருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது.

போன மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். முன்னறையில் பிள்ளைகள் யாரும் இல்லை. மேசையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. மடிக்கணினியைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். கடிதம் எழுதுகிறீர்களா என்று கேட்டதற்கு, "இல்ல" என்றார். மேற்கோள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் இன்னமும் பார்க்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. என்னென்னவோ பேசினோம்: ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, அம்மாவுக்கு மூட்டு வலி, என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பேசிக்கொண்டே அவர் சிவப்புப் பேனாவால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சரி, சரி, சரி என்று ஒரே சீராக டிக் அடித்துக்கொண்டே போனார். ஒரு கணக்கில் நடுவரியில் கழித்தல் குறி விட்டுப்போய், விடை வேறெங்கோ போயிருந்தது. கணக்கில் சுமாரான எனக்கே அது தெரிந்தது. அதன்மேலும் டிக் விழுந்தது.

"டாக்டர், அந்தக் கணக்கு..." என்றேன்.

"பாத்தேன்" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.